இரண்டு மேசைகளில் இரண்டு கணக்கு: வரித் தவறும் நிரந்தர வதிவிட உரிமையும்

கோமாரியிலிருந்து திருக்கோவில், அக்கரைப்பற்று, நிந்தவூர், சாய்ந்தமருது என்று வடக்கே கல்முனை வரை ஏ4 வீதியில் போனால், வெளிநாட்டில் ஒருவர்கூட இல்லாத குடும்பத்தைக் காண்பது கடினம். நெடுங்காலமாக அந்த வெளிநாடு கட்டார், சவூதி, குவைத், துபாய் என்றுதான் இருந்தது. அங்கே சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது. மாதம் முடியக் கைக்கு வருவதே சம்பளம். அதை வங்கியாலோ உண்டியலாலோ ஊருக்கு அனுப்பினால் கணக்கு முடிந்தது. எத்தனை வருடம் உழைத்தாலும் அங்கே நிரந்தரமாக இருக்கலாம் என்ற எண்ணம் யாருக்கும் வந்ததில்லை. ஒப்பந்தம் முடிந்தால் ஊர் திரும்புவார்கள்.

இப்போது பிள்ளைகள் போகும் திசை மாறிவிட்டது. பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா என்று படிக்கவும் பராமரிப்பு வேலைக்கும் போகிறார்கள். போகும்போதே பிஆர் எனப்படும் நிரந்தர வதிவிடம் எடுக்க எத்தனை வருடம் என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் போகிறார்கள். அந்த நாடுகளில் வருமான வரிக் கோப்பும் வதிவிட விண்ணப்பமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன. வரியில் ஒரு பிழை நேர்ந்தால் பிஆர் கிடைக்காதா? எந்தப் பிழை மன்னிக்கப்படும், எது மன்னிக்கப்படாது? பிழைக்கும் ஏமாற்றுக்கும் நடுவிலுள்ள கோட்டை யார் கீறுகிறார்கள்? இந்தக் கேள்விகளுக்குப் பெரும் விலை கொடுத்துப் பதில் பெற்ற இடம் பிரித்தானியா. ஆகவே அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

உயர்திறன் கொண்ட வெளிநாட்டவருக்கென்று அங்கே ‘டயர் 1 ஜெனரல்’ என்றொரு விசா இருந்தது. படிப்பு, வயது, வருமானம் ஆகியவற்றுக்குப் புள்ளிகள் வழங்கப்பட்டன. வேலை வழங்குநர் ஒருவரின் பிடியில் இல்லாமல், சம்பளத்துக்கும் உழைக்கலாம், சொந்தத் தொழிலும் செய்யலாம். பொறியியலாளர்கள், கணினி வல்லுநர்கள், கணக்காளர்கள், மருத்துவர்கள் என்று தெற்காசியாவிலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் பலர் அதில் போனார்கள். 2011 ஏப்ரலுடன் புதியவர்களுக்கு அந்த வழி அடைக்கப்பட்டது. ஏற்கெனவே உள்ளே இருந்தவர்கள் ஐந்து வருடம் நிறைந்ததும் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்க 2018 ஏப்ரல் வரை இடமிருந்தது.

அப்படி விண்ணப்பித்தவர்களின் பழைய கோப்புகளை உள்துறை அமைச்சு வரித் திணைக்களத்தின் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தது. 2011இலோ 2013இலோ விசாவை நீடிக்கக் கேட்டபோது காட்டிய வருமானம் ஒன்று. அதே காலத்துக்கு வரித் திணைக்களத்திடம் காட்டிய வருமானம் வேறொன்று. பல கோப்புகளில் இரண்டும் பொருந்தவில்லை. அதைக் காரணம் காட்டிக் குடிவரவு விதிகளின் 322(5) ஆம் பந்தியின்கீழ் விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன. ஒருவருடைய நடத்தை, குணம், சகவாசம் ஆகியவற்றையோ, அவர் தேசிய பாதுகாப்புக்கு அச்சுறுத்தலாக இருப்பதையோ முன்னிட்டு, அவரை நாட்டில் இருக்க விடுவது விரும்பத்தக்கதல்ல என்று சொல்லும் பந்தி அது. பயங்கரவாதச் சந்தேகத்துக்கும் குற்றச் செயல்களுக்கும் இடம் தரும் ஒரு விதி, வரிப் படிவத்தில் எண் பிசகியவர்மீதும் பாய்ந்தது.

அதன் பின்விளைவைப் புரிந்துகொள்ள அக்காலச் சட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2014ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் இத்தகைய முடிவுகளுக்கு எதிரான மேன்முறையீட்டு உரிமையை எடுத்துவிட்டது. அமைச்சே தன் முடிவை மீளப் பார்க்கும் நிர்வாக மீளாய்வு மட்டும் மிஞ்சியது. அதுவும் தோற்றால் விசா இல்லாதவராகிவிடுவார். வேலை செய்ய முடியாது, வீடு வாடகைக்கு எடுக்க முடியாது, வங்கிக் கணக்கு முடங்கும். பத்து வருடம் வரி கட்டியவர், அங்கேயே பிறந்த பிள்ளைகளோடு, ஒரே கடிதத்தில் இந்த நிலைக்கு வந்தார். பாதிக்கப்பட்டவர்கள் அமைப்பாகத் திரண்டு 2018இல் நாடாளுமன்றத்தின் முன்னால் கூடினார்கள். கரீபியத் தீவுகளிலிருந்து வந்து குடியேறிய ‘விண்ட்ரஷ்’ தலைமுறையினரின் அவலம் வெளியாகி உள்துறை அமைச்சர் அம்பர் ரட் பதவி விலகிய அதே பருவம் அது. அடுத்து வந்த சஜித் ஜாவித் காலத்தில் அமைச்சு தன் முடிவுகளை மீளப் பரிசீலித்து, அந்த நவம்பரில் அறிக்கை வெளியிட்டது. ஏறத்தாழ 1,700 நிராகரிப்புகள் அதில் அடங்கின. பெரும்பாலானவற்றில் இரண்டு கணக்குகளுக்கும் உள்ள வேறுபாடு 10,000 பவுணுக்கு மேல்.

இந்தக் கடைசித் தகவலை மறைத்துவிட்டு இவ்விடயத்தை எழுதுவது நேர்மையாகாது. விசாவுக்குப் புள்ளி வேண்டும் என்பதற்காக வருமானத்தைக் கூட்டிக் காட்டி, வரி குறைய வேண்டும் என்பதற்காக அதே வருமானத்தைக் குறைத்துக் காட்டியவர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள். நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கும் நேரம் நெருங்கியதும் பழைய வரிப் படிவங்களைத் திருத்தி, நிலுவையைக் கட்டிவிட்டு வந்தவர்களும் உண்டு. அமைச்சின் சந்தேகத்துக்கு அடிப்படை இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் உண்மையாகவே பிழை விட்டவரையும் பொய் சொன்னவரையும் பிரித்துப் பார்க்காமல், வேறுபாடு இருக்கிறது, ஆகவே நீ பொய்யன் என்று ஒரே தாவலில் முடிவுக்குப் போனதுதான் அநீதி.

பிழைகள் எப்படி நேர்ந்தன என்பதையும் பார்க்க வேண்டும். பிரித்தானிய வரி ஆண்டு ஏப்ரல் 6இல் தொடங்கி அடுத்த ஏப்ரல் 5இல் முடிகிறது. விசாவுக்கோ, விண்ணப்பத்துக்கு முந்தைய 15 மாதங்களில் ஏதாவது தொடர்ச்சியான 12 மாதங்களைத் தெரிவுசெய்து வருமானம் காட்டலாம். இரண்டு காலப்பகுதிகளும் பொருந்தாதபோது எண்களும் பொருந்தாது. அதில் தவறே இல்லை. சொந்தக் கம்பனி வைத்திருப்பவர் சம்பளம் எவ்வளவு, பங்கிலாபம் எவ்வளவு, கம்பனியில் விட்டுவைத்த இலாபம் எவ்வளவு என்பதைக் குழப்பிக்கொண்டால் வேறொரு வேறுபாடு வரும். மொத்த வரவை ஒரு மேசையிலும் செலவு கழித்த இலாபத்தை மறு மேசையிலும் கொடுத்தவர்களுக்கும் அதுவே நடந்தது. இவற்றோடு, மலிவாகப் படிவம் நிரப்பித் தரும் கணக்காளரிடம் தாள்களைக் கொடுத்துவிட்டு, அவர் எழுதியதை வாசிக்காமலே ஒப்புதல் சொன்னவர்களும் பலர்.

விளக்கத்துக்காக ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் 2012–13இல் சம்பளமாக 26,000 பவுணும் சொந்தத் தொழிலில் 12,000 பவுணும் உழைத்ததாகச் சொல்லி, 38,000 காட்டி விசாவை நீடித்தார். வரித் திணைக்களத்துக்குப் போனது 26,000 மட்டும். விடுபட்ட 12,000க்கு அடிப்படை வீதமான 20 விழுக்காட்டில் வருமான வரி மட்டும் 2,400 பவுண். தேசிய காப்புறுதிப் பங்களிப்பு வேறு. மூன்று வருடம் கழித்து, பிஆர் விண்ணப்பத்துக்குச் சில மாதங்கள் முன்னால், கணக்காளர் சொந்தத் தொழில் பகுதியை நிரப்ப மறந்துவிட்டார் என்று சொல்லித் திருத்துகிறார். இவர் பிழை விட்டவரா, பொய் சொன்னவரா?

2018இல் கான் வழக்கில் மேல் தீர்ப்பாயம் இந்தக் கேள்விக்கு எப்படி விடை தேட வேண்டும் என்று வகுத்துச் சொன்னது. பெரிய வேறுபாடு இருந்தால் அமைச்சு சந்தேகப்படலாம், விளக்கமும் கேட்கலாம். கணக்காளரின் பிழை என்று வாயால் சொன்னால் மட்டும் அந்தச் சந்தேகம் தீராது. அந்த விளக்கம் நம்பத்தக்கதா? கணக்காளரோடு நடந்த கடிதத் தொடர்பு ஏதும் கையில் உள்ளதா? கட்டவேண்டிய வரி எதிர்பார்த்ததைவிட இவ்வளவு குறைந்து வந்தபோது விண்ணப்பதாரர் ஏன் கவனிக்கவில்லை? தவறைத் திருத்த அவர் எப்போது, என்ன செய்தார்?

மேலே சொன்ன மனிதருக்கு மூன்றாவது கேள்விதான் கண்டம். 12,000 பவுண் இலாபம் கண்டவர், அதற்கு ஒரு சதமும் வரி கேட்டு வராதபோது பேசாமல் இருந்தது ஏன்? முதல் வருடமே சந்தேகப்பட்டுக் கணக்காளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தால், அந்த ஒரு மின்னஞ்சல் அவருடைய பத்து வருட வாழ்க்கையைக் காப்பாற்றியிருக்கும். நான்காவது கேள்வியும் அவருக்கு எதிராகவே நிற்கிறது. பிஆர் நெருங்கியபோது பிறந்த ஞானம் நேர்மையின் அடையாளமாகப் பார்க்கப்படவில்லை. தானாக முன்வந்து, எந்த விண்ணப்பமும் கண்ணில் இல்லாத காலத்தில் திருத்தியவருடைய நிலை முற்றிலும் வேறு.

2019 ஏப்ரலில் மேன்முறையீட்டு நீதிமன்றம் பாலாஜிகாரி வழக்கில் வழங்கிய தீர்ப்பு இதைவிட ஒரு படி மேலே போனது. கணக்குகள் பொருந்தாமை சந்தேகத்தைக் கிளப்பும். ஆனால் அது தன்னளவில் நேர்மையின்மைக்கு நிரூபணமாகாது என்றது நீதிமன்றம். கவனக்குறைவு என்பதும் நேர்மையின்மை என்பதும் ஒன்றல்ல. ஒருவரை நேர்மையற்றவர் என்று முடிவுகட்டுமுன், இப்படிச் சந்தேகிக்கிறோம், உன் விளக்கம் என்ன என்று அமைச்சு அவரிடம் கேட்க வேண்டும். கேட்காமல் நிராகரித்த நடைமுறை சட்டத்தில் குறையுடையது. நேர்மையின்மை உண்மை என்று கண்டபின்னும் வேலை முடிந்துவிடாது. அங்கே வாழும் பிள்ளைகள், அவர் செய்த நல்ல பங்களிப்பு ஆகியவற்றையும் எடைபோட்ட பிறகே அவரை இருக்க விடுவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும்.

என் பார்வையில், புலம்பெயர்ந்தோர் தொடர்பாகப் பிரித்தானிய நீதிமன்றங்கள் அந்தப் பத்தாண்டில் சொன்ன மிக முக்கியமான சொற்களுள் இவையும் அடங்கும். ஆனால் தீர்ப்பு வந்தபோது எத்தனையோ பேர் வேலை இழந்து, சேமிப்பை லோயர்களுக்குக் கொடுத்துத் தீர்த்து, சிலர் நாட்டைவிட்டே போயிருந்தார்கள். ஒரு கேள்வியை முன்கூட்டியே கேட்டிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய துன்பம் அது.

322(5) இப்போது இல்லை. 2020 டிசம்பரில் அந்தப் பகுதி முழுவதும் மாற்றி எழுதப்பட்டது. பொய்யான தகவல் கொடுப்பது, ஏமாற்றுவது ஆகியன புதிய விதிகளிலும் நிராகரிப்புக்குக் காரணங்களே. வதிவிடத்தைத் தாண்டிக் குடியுரிமை கேட்கும்போதும் நற்குணம் என்ற நிபந்தனையின்கீழ் வரிக் கோப்பு மீண்டும் திறக்கப்படும். 2025 நவம்பரில் அரசாங்கம் கலந்துரையாடலுக்கு வைத்த யோசனைகள் இன்னும் கடுமையானவை: வதிவிடத்துக்கான காத்திருப்பைப் பொதுவாகப் பத்து வருடமாகவும், பராமரிப்பு வேலை போன்ற தரத்தில் உள்ளவர்களுக்குப் பதினைந்து வருடமாகவும் நீட்டுவதோடு, அரசுக்கு வரிக் கடன் எதுவும் இருக்கக்கூடாது என்பதையும் அவை நிபந்தனையாகக் கேட்கின்றன. காத்திருப்பு நீள நீள, பிழை நேரக்கூடிய வரி ஆண்டுகளின் எண்ணிக்கையும் கூடுகிறது.

நம் கரையோரத்துப் பிள்ளைகளுக்கு இது நேரடியாகப் பொருந்துவது பராமரிப்பு வேலையில்தான். 2022 பெப்ரவரியில் கேர் வேலையாட்களுக்குத் திறந்த விசா, வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுப்போருக்கு 2025 ஜூலையில் மூடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் போனவர்கள் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர். வரியை முதலாளியே பிடித்துக் கட்டுகிறார். சொந்தத் தொழில்காரருக்கு வந்த வில்லங்கம் இவர்களுக்கு வராது என்றுதான் தோன்றும். ஆனால் பணியமர்த்தும்போது எழுதிக்கொடுத்த சம்பளம் ஒன்று, கையில் தருவது வேறொன்று என்று நடத்தும் இல்லங்கள் இருக்கின்றன. முழுச் சம்பளத்துக்குச் சீட்டுக் கொடுத்து, ஒரு பகுதியைக் காசாகத் திருப்பி வாங்குவதும் நடக்கிறது. பிரித்தானியாவில் 2013 முதல் ஒவ்வொரு சம்பளத் திகதியிலும் முதலாளி வரித் திணைக்களத்துக்குத் தகவல் அனுப்ப வேண்டும். அந்தத் தகவலை உள்துறை அமைச்சும் பார்க்கிறது. முதலாளி குறைத்து அனுப்பினால், ஐந்து வருடம் கழித்துக் கோப்பில் குறையாக நிற்பது தொழிலாளியின் பெயர்.

இதற்கு ஒரு தற்காப்பு உண்டு. வரித் திணைக்களத்தின் இணையத்தளத்தில் ஒவ்வொருவருக்கும் தனிப்பட்ட வரிக் கணக்கு இருக்கிறது. கைபேசிச் செயலியிலும் பார்க்கலாம். உங்கள் முதலாளி இந்த மாதம் எவ்வளவு சம்பளம், எவ்வளவு வரி என்று அறிவித்திருக்கிறார் என்பது அதில் தெரியும். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, இந்தத் திரை ஆகிய மூன்றிலும் ஒரே தொகை இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். பொருந்தவில்லை என்றால் அன்றைக்கே எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதமே பின்னாளில் சாட்சி.

சம்பளத்துக்கு வெளியே வரும் சிறு வருமானங்கள் இன்னொரு குழி. ஒரு வரி ஆண்டில் சொந்தத் தொழிலில் 1,000 பவுணுக்கு மேல் வரவு வந்தால் அறிவிக்க வேண்டும். உணவு விநியோகம், டாக்சி, இணைய விற்பனைத் தளங்கள் 2024 ஜனவரி முதல் தங்கள் மூலம் உழைப்பவர்களின் விபரங்களைத் திரட்டி வரித் திணைக்களத்துக்குக் கொடுக்கின்றன. யாருக்கும் தெரியாது என்ற நம்பிக்கையில் செய்யும் பக்கத் தொழிலுக்கு இனி இடமில்லை. விசாவே அந்த வேலையை அனுமதிக்கிறதா என்பது தனிக் கேள்வி. வரிப் பதிவே அதற்கும் சாட்சியாகிவிடும்.

ஊரிலுள்ள சொத்தும் கணக்கில் வரும். இதைத்தான் நம்மவர்கள் அதிகம் மறக்கிறார்கள். திருக்கோவிலில் குத்தகைக்கு விட்ட வயல், அக்கரைப்பற்றில் வாடகைக்கு விட்ட கடை, அறுகம்பேயில் சுற்றுலாப் பயணிகளுக்கு விடும் இரண்டு அறை, இவற்றின் வரவைப் பிரித்தானிய வரிப் படிவம் கேட்கும். 2025 ஏப்ரல் 6 முதல் அங்கே விதி மாறியது. நீண்ட காலம் வெளியே இருந்து புதிதாக வந்தவர் முதல் நான்கு வரி ஆண்டுகளின் வெளிநாட்டு வருமானத்துக்கு விலக்குக் கேட்கலாம். ஆனால் படிவத்தில் கேட்டால்தான் அது கிடைக்கும். கேட்டால், எல்லோருக்கும் உள்ள தனிநபர் வரிவிலக்கு அந்த வருடம் போய்விடும். சின்ன வாடகைக்காக இந்த விலக்கைக் கேட்பது நட்டமாக முடியலாம். நான்கு ஆண்டு கடந்தபின் உலக வருமானம் முழுவதும் வரிக்கு உட்படும். இலங்கையில் அதற்கு ஏற்கெனவே வரி கட்டியிருந்தால், இரு நாட்டு ஒப்பந்தப்படி கழித்துக்கொள்ளலாம். அதற்கு இங்கே வரி கட்டிய தாள் வேண்டும். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் டின் இலக்கம் எடுத்து, இலங்கையின் வரி ஆண்டு முடிந்து வரும் நவம்பர் 30க்குள் விபரத்திரட்டைச் சமர்ப்பித்தவரிடம்தான் அந்தத் தாள் இருக்கும்.

கணவனையோ மனைவியையோ அழைக்கும் விண்ணப்பத்திலும் இதே கதைதான். அழைப்பவர் சொந்தத் தொழில்காரர் என்றால், 2024 ஏப்ரலிலிருந்து 29,000 பவுணாக உயர்ந்த வருமான எல்லையை வரித் திணைக்களத்தின் கணிப்பீட்டுத் தாளாலும் ஆண்டுச் சுருக்கத்தாலும் காட்ட வேண்டும். வரி குறைய வேண்டுமென்று இலாபத்தைக் குறைத்தவர், குடும்பத்தை அழைக்கும் நாளில் அந்தக் குறைந்த எண்ணுடன்தான் நிற்க வேண்டியிருக்கும்.

கனடாவில் அமைப்பு வேறு, அடிப்படை ஒன்றே. பெற்றோரை அழைப்பவர் மூன்று வருட வரி மதிப்பீட்டு அறிவித்தல்களைக் காட்ட வேண்டும். காசாக வாங்கிய சம்பளம் அவற்றில் இராது. விண்ணப்பத்தில் தவறான தகவல் கொடுத்ததாகக் கண்டால் ஐந்து வருடத் தடை. குடியுரிமைக்கு, வரிப் படிவம் சமர்ப்பிக்கும் கடமை உள்ளவர் ஐந்து வருடத்தில் மூன்று வருடமாவது சமர்ப்பித்திருக்க வேண்டும். வரி மிச்சப்படுமென்று தன்னை அந்நாட்டில் வசிக்காதவர் என்று வரிப் படிவத்தில் எழுதிவிட்டு, பிஆர் அட்டையைப் புதுப்பிக்கும்போது இங்கேதான் இருந்தேன் என்று சொல்பவர் தன் கையெழுத்துக்கு எதிராகத் தானே சாட்சி சொல்கிறார். அமெரிக்காவில் கிரீன் கார்ட் வைத்திருப்பவர் அப்படி எழுதினால் வதிவிடத்தையே கைவிட்டதாகக் கொள்ள இடமுண்டு.

திருத்துவது பற்றியும் சொல்ல வேண்டும். பயந்து ஒளிப்பவர்களே அதிகம் சிக்குகிறார்கள். பிரித்தானியாவில் இணைய வழிப் படிவத்துக்கான கடைசி நாள் ஜனவரி 31. அதிலிருந்து பன்னிரண்டு மாதம்வரை நீங்களே திருத்தலாம். அதற்குப் பின்னும் தானாக முன்வந்து சொல்ல வழியுண்டு. கவனக்குறைவுக்கு விடுபட்ட வரியில் 30 விழுக்காடு வரை தண்டம். வேண்டுமென்றே செய்ததற்கு 70 வரை. செய்து மறைத்ததற்கு 100 வரை. எந்த வகையில் தண்டம் விதிக்கப்பட்டது என்பதும் குடிவரவு விசாரணையில் கேட்கப்படக்கூடிய கேள்வியே. வரித் திணைக்களம் கவனக்குறைவு என்று ஏற்றுக்கொண்டதற்கான கடிதம் இருந்தால் அதைப் பத்திரமாக வையுங்கள். ஆனால் அந்தக் கடிதம் மட்டும் உள்துறை அமைச்சைக் கட்டுப்படுத்தாது.

கணக்காளருக்கு எழுத்தில் அறிவுறுத்துங்கள். அவர் அனுப்பும் வரைவை வாசித்து, விளங்காததைக் கேட்டு, பிறகு ஒப்புக்கொள்ளுங்கள். கட்ட வேண்டிய தொகை நினைத்ததைவிடக் குறைவாக வந்தால் மகிழ வேண்டாம். ஏன் என்று கேளுங்கள். பிள்ளைகளை அனுப்பிவிட்டு ஊரில் இருக்கும் பெற்றோரே, வாப்பாமாரே, காணிக் குத்தகைப் பற்றுச்சீட்டையும் வாடகை ஒப்பந்தத்தையும் வங்கிப் பதிவையும் அவர்களுக்கு ஆண்டுதோறும் அனுப்பிவையுங்கள். 2024–25ஆம் வரி ஆண்டின் படிவத்தைத் திருத்த 2027 ஜனவரி 31 வரை அவகாசம் இருக்கிறது. அடுத்த ஆண்டான 2025–26இன் படிவத்தைக் கொடுக்கவும் அதே நாள்தான் கடைசி.